நச்சுக்கொடியின் நொதியம்: ஆக்கவா, அகற்றவா?

யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் வீட்டிலேயே பிள்ளை பெற்ற காலத்தவர்களுக்கு ஒரு கேள்வி மறக்காது. குழந்தை வீரிட்டு அழுதவுடன் விறாந்தையில் நின்ற ஆண்களின் முகம் தெளிந்துவிடும். ஆனால் அறை வாசலில் நிற்கும் கிழவி மட்டும் அசையமாட்டாள். "கொடி விழுந்திட்டுதோ?" என்று உள்ளே பார்த்துக் கேட்பாள். "விழுந்திட்டுது" என்று மருத்துவிச்சி சொன்ன பிறகுதான் பிரசவம் முடிந்ததாகக் கணக்கு. அந்தக் கொடியை மண்முட்டியில் இட்டு, வீட்டுக் கோடியில், நாய் கிண்டாத ஆழத்தில் தாட்டு, மேலே ஒரு கல் வைப்பார்கள் என்று அம்மம்மா எனக்குச் சொல்லியிருக்கிறா. "அதுக்கு ஏன் நச்சுக்கொடி எண்டு பேர்?" என்று ஒருநாள் கேட்டேன். "தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாத நஞ்சை அதுதானே வாங்குது" என்றா.

பாடசாலையில் உயிரியல் படித்தபோது அதே உறுப்புக்குச் சூல்வித்தகம் என்ற பெயர் கிடைத்தது. நிறைமாதத்தில் ஏறக்குறைய அரைக் கிலோ எடையுள்ள உறுப்பு. தாயின் குருதியும் சிசுவின் குருதியும் கலக்காமல் அருகருகே ஓடும் இடம். உணவும் ஒட்சிசனும் ஒரு திசையில் போக, கழிவுகள் மறு திசையில் திரும்புகின்றன. சூல்வித்தகம் ஓமோன்களையும் சுரக்கிறது என்ற செய்தி புத்தகத்தில் ஒற்றை வரியாக இருந்தது. அந்த வரிக்குள் மறைந்திருக்கும் அரோமற்றேஸ் என்ற நொதியத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

ஆண் ஓமோன்கள் என்று நாம் அழைக்கும் அந்திரஜன்களை எடுத்து ஈஸ்திரஜன்களாக மாற்றுவது இந்த நொதியத்தின் தொழில். மனித உடம்பு ஈஸ்திரஜனை உண்டாக்க இதைவிட வேறு வழி இல்லை. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் ஒரு சூல்வித்தகம் ஒரு நாளில் தரும் ஈஸ்திரஜன், கர்ப்பமில்லாத ஆயிரம் பெண்களின் சூலகங்கள் ஒரு நாளில் தருவதற்குக் குறையாது என்று மகப்பேற்று நூல்கள் கணக்கிடுகின்றன. இவ்வளவு ஈஸ்திரஜன் எதற்கு? கர்ப்பத்தைத் தாங்குவதற்காகவே அது ஆக்கப்படுகிறது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த விடை. அந்திரஜனை அகற்றுவதே முதல் வேலை, ஈஸ்திரஜன் அதன் விளைபொருள் என்பது பின்னர் வலுப்பெற்ற விடை. இரண்டுக்கும் உள்ள சான்றுகளை அடுக்கிப் பார்த்தால், நம் கிழவிகள் வைத்த பெயருக்கு விஞ்ஞானம் எவ்வளவு கிட்ட வந்திருக்கிறது என்பது தெரியும்.

கண்டறிந்த பாதை

யாழ்ப்பாணத்துக்கும் மகப்பேற்று மருத்துவ எழுத்துக்கும் உறவு பழையது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இங்கு வந்து, மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மோன்செல் என்பவரின் மகப்பேற்று நூல், பிரசவ வைத்தியம் என்ற பெயரில் 1857இல் அவர் முயற்சியால் தமிழுக்கு வந்தது. அந்த நாளில் ஓமோன் என்ற சொல்லே உலகில் இல்லை. அது 1905இல்தான் பிறந்தது. அதே ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த ஜோசப் ஹல்பான், சூல்வித்தகமும் ஒரு சுரப்பியாக இருக்கவேண்டும் என்று எழுதினார்.

அதன்பின் கண்டுபிடிப்புகள் விரைந்து வந்தன. கர்ப்பிணிகளின் சிறுநீரில் ஈஸ்திரஜன் மிகுந்திருப்பதை அஷைமும் சொண்டெக்கும் 1927இல் காட்டினார்கள். 1929இல் அமெரிக்காவில் டொய்சியும் ஜெர்மனியில் புட்டெனாண்டும் அந்தச் சிறுநீரிலிருந்து ஈஸ்திரோனைத் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள். 1930இல் மொன்றியலில் கொலிப், சூல்வித்தகச் சாற்றிலிருந்து வாய்வழி கொடுக்கக்கூடிய ஒரு மருந்தை எடுத்து எம்மெனின் என்று பெயரிட்டார். மறு ஆண்டில் அவருடைய ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிரவுன், சூல்வித்தகத்திலிருந்தே ஈஸ்திரியோலின் பளிங்குகளைப் பெற்றார். குழிக்குள் போகும் சதைத்துண்டு என்று உலகம் எண்ணியிருந்தது மருந்துப் போத்தலுக்குள் வந்துவிட்டது.

ஆனால் ஈஸ்திரஜன் அங்கே எப்படி உண்டாகிறது என்பது இன்னும் முப்பது ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 1959இல் கெனத் ரையன் மனித சூல்வித்தகத்தை அரைத்து, அதன் நுண்துணுக்குகளோடு அந்திரோஸ்தீன்டயோன் என்ற அந்திரஜனைச் சேர்த்தார். ஒட்சிசனும், இலத்திரன் வழங்கும் துணைப்பொருளான என்ஏடிபிஎச்சும் இருந்தபோது, அந்திரஜன் மறைந்து ஈஸ்திரஜன் தோன்றியது. சூல்வித்தகத்தில் இந்த மாற்றம் தாராளமாக நடந்ததால், அரோமற்றேஸைப் படிக்க விரும்பிய ஆய்வாளர்கள் அடுத்த அரை நூற்றாண்டுக்கு மகப்பேற்று விடுதிகளின் வாசலில் கொடிகளுக்காகக் காத்து நின்றார்கள்.

மூன்று வீட்டு வேலை

ரையனின் கண்டுபிடிப்பு ஒரு கேள்வியைக் கிளப்பியது. அந்திரஜனிலிருந்து ஈஸ்திரஜன் வருகிறது என்றால், அந்த அந்திரஜன் எங்கிருந்து வருகிறது? சூல்வித்தகம் கொலஸ்திரோலிலிருந்து புரொஜெஸ்தரோன் வரை செய்யும். அதைத் தாண்டி அந்திரஜனுக்குப் போகத் தேவையான இன்னொரு நொதியம் மனித சூல்வித்தகத்தில் கிடையாதென்றே சொல்லலாம்.

விடையை ஸ்டொக்ஹோமில் எகொன் டிட்ஸ்பாலுசியும் அமெரிக்காவில் சிற்றெரியும் மக்டொனால்டும் 1960களில் தந்தார்கள். நம் ஊர் வழக்கில் விளக்குவதென்றால் பனங்கட்டி வேலையைச் சொல்லலாம். ஒரு வீட்டில் கருப்பநீர் இறக்குவார்கள், அடுத்த வீட்டில் காய்ச்சுவார்கள், மூன்றாவது வீட்டில் குட்டானில் வார்ப்பார்கள். ஒரு வீடு நின்றாலும் பனங்கட்டி இல்லை. இங்கே கொலஸ்திரோலைத் தருவது தாய். சிசுவின் இரு சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அதிரீனற் சுரப்பிகள் டிஎச்ஈஏ என்று சுருக்கி அழைக்கப்படும் மூலப்பொருளை ஆக்குகின்றன. உடல் அளவோடு ஒப்பிட்டால் வளர்ந்தவர்களின் அதிரீனலைவிடச் சிசுவின் அதிரீனல் பல மடங்கு பெரியது. அதன் பெரும்பகுதி இந்த வேலைக்கென்றே வளர்ந்து, பிறந்தபின் சில மாதங்களில் சுருங்கிவிடுகிறது.

இங்கே ஓர் அழகான ஏற்பாடு உண்டு. டிஎச்ஈஏ சும்மா அனுப்பப்படுவதில்லை. அதன்மேல் சல்பேற்று என்ற ஒரு பூட்டுப் போட்டே சிசுவின் உடல் அதைக் குருதியில் விடுகிறது. பூட்டோடு இருக்கும்வரை அது சிசுவின் உறுப்புகளில் அந்திரஜனாக வேலை செய்யாது. வழியில் சிசுவின் ஈரல், பதினாறாம் காபனில் ஓர் ஐதரொட்சில் கூட்டத்தைச் சேர்க்கிறது. மூன்றாவது வீடான சூல்வித்தகத்தை அடைந்ததும் அங்குள்ள சல்பற்றேஸ் என்ற நொதியம் பூட்டைத் திறக்கிறது. இன்னொரு நொதியம் அதை அந்திரஜனாகத் திருத்துகிறது. கடைசியில் அரோமற்றேஸ் அதை ஈஸ்திரியோலாக்கித் தாயின் குருதிக்குள் தள்ளுகிறது. நிறைமாதத்தில் தாயின் உடலிலுள்ள ஈஸ்திரியோலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சிசு தந்த மூலப்பொருளிலிருந்து வந்தது. ஈஸ்திரோனுக்கும் ஈஸ்திரடயோலுக்கும் தாயின் அதிரீனலும் கிட்டத்தட்டச் சரிபாதி மூலப்பொருளைத் தருகிறது.

சிசுவின் பங்குக்கு மறுக்கமுடியாத சான்று ஒரு துயரத்திலிருந்து கிடைத்தது. மூளை வளராமல் பிறக்கும் சிசுக்களின் அதிரீனல்கள் மிகச் சிறியவை. அப்படிப்பட்ட கர்ப்பங்களில் தாயின் சிறுநீரில் ஈஸ்திரியோல் மிகக் குறைந்திருப்பதை டென்மார்க்கின் பிரண்ட்செனும் ஸ்டாக்கமனும் 1961இல் பதிவுசெய்தார்கள்.

மூன்று மூச்சில் ஒரு வளையம்

நொதியத்தின் பெயரே அதன் வேலையைச் சொல்கிறது. ஆறு காபன் கொண்ட பென்சீன் வளையத்தை உடைய சேர்வைகளை இரசாயனத்தில் அரோமற்றிக் என்பார்கள். ஸ்திரொயிட் மூலக்கூற்றில் நான்கு வளையங்கள் கோத்திருக்கின்றன. முதல் வளையத்தை அரோமற்றிக் ஆக்கினால் அந்திரஜன் ஈஸ்திரஜனாகிவிடும். அதற்கு வளையத்தின் தோளில் நிற்கும் பத்தொன்பதாம் காபனைக் கழற்றவேண்டும்.

அரோமற்றேஸ் அதை மூன்று படிகளில் செய்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஓர் ஒட்சிசன் மூலக்கூறும் ஓர் என்ஏடிபிஎச் மூலக்கூறும் செலவாகின்றன. நொதியத்தின் நடுவே, குருதியின் சிவப்புக்குக் காரணமான அதே ஹீம் இரும்பு மையமாக இருக்கிறது. ஒட்சிசனைப் பற்றிப் பிளப்பது அந்த இரும்புதான். மூன்றாம் படியில் காபன் போமிக் அமிலமாகக் கழன்று விழுகிறது. மாமரத்தில் ஏறும்போது முசுறு கடித்து எரியவைக்குமே, அதே அமிலம். அது மிகச் சிறு அளவில், ஒவ்வொரு ஈஸ்திரஜன் மூலக்கூற்றுக்கும் ஒன்றாக, சத்தமின்றி வெளியேறுகிறது.

இந்த வேலை நடப்பது சூல்வித்தக விரல்முளைகளின் மேற்போர்வையான பல்கருக் கலப்படையில். பல கலங்கள் சுவரில்லாமல் ஒன்றாகக் கலந்து உருவான அந்தப் படை, தாயின் குருதியில் நேரே நனைந்தபடி இருக்கும். நொதியத்துக்கான பரம்பரையலகு 15ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. புரதம் 503 அமினோ அமிலங்களால் ஆனது. மூளை, எலும்பு, கொழுப்பு, சூலகம், விதை எங்கும் உண்டாவது இதே புரதம்தான். ஆனால் ஒவ்வோர் இழையத்திலும் அதை இயக்கிவிடும் ஆளி வேறு. சூல்வித்தகத்தின் ஆளி, புரதத்துக்குரிய பகுதியிலிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் எழுத்துகள் தள்ளி அமைந்திருக்கிறது. டெக்சாஸில் கரோல் மென்டல்சனும் எவன் சிம்சனும் 1980களிலிருந்து இந்த ஆளிகளை ஒவ்வொன்றாகக் கண்டறிந்தார்கள். ஒட்சிசன் குறைந்தால் சூல்வித்தகக் கலங்களில் இந்த ஆளி மங்குகிறது என்பதையும் மென்டல்சனின் ஆய்வுகள் காட்டின. மூன்று மூச்சு எடுத்தே வேலை செய்யும் நொதியம், மூச்சு முட்டும் இடத்தில் குறைவாகவே உண்டாகிறது.

ஈஸ்திரஜன் மேல் வைத்த நம்பிக்கை

இனி முதல் விடையைப் பார்ப்போம். ஈஸ்திரஜன் கருப்பைக்குக் குருதியோட்டத்தைப் பெருக்குகிறது, கருப்பைத் தசையை வளர்க்கிறது, மார்பகங்களைப் பாலுக்குத் தயார்செய்கிறது. இவை உண்மை. கர்ப்பம் முன்னேற முன்னேற அதன் அளவும் ஏறுகிறது. ஆகவே ஈஸ்திரஜன் குறைந்தால் கர்ப்பம் குலையும், கொடுத்தால் நிலைக்கும் என்ற முடிவுக்கு வருவது எளிது.

அந்த எளிய முடிவுக்கு உலகம் பெரும் விலை கொடுத்தது. பொஸ்ரனில் ஜோர்ஜ் ஸ்மித், ஒலிவ் ஸ்மித் தம்பதியினரின் கருத்தைப் பின்பற்றி, டிஈஎஸ் எனப்படும் செயற்கை ஈஸ்திரஜன் 1940கள் தொடங்கிக் கோடிக்கணக்கில் மாத்திரைகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1953இல் சிகாகோவில் டீக்மன் குழுவினர் முறையாகப் பரிசோதித்து, அதனால் கருச்சிதைவு குறையவில்லை என்று நிறுவினார்கள். இருந்தும் மாத்திரை நிற்கவில்லை. 1971இல் ஹேர்ப்ஸ்ற், அரிதான ஒரு யோனிப் புற்றுநோய் வந்த எட்டு இளம்பெண்களின் வரலாற்றைத் தேடினார். அவர்களில் ஏழு பேரின் தாய்மார் கர்ப்பத்தில் இந்த மருந்தை எடுத்திருந்தார்கள். அந்த ஆண்டிலேயே அமெரிக்க அரசு கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்கவேண்டாம் என்று எச்சரித்தது. ஓர் ஓமோன் இயற்கையில் மிகுந்திருக்கிறது என்பது, அதை இன்னும் ஊட்டவேண்டும் என்பதற்குக் காரணமாகாது. இந்தப் பாடத்தைப் பிள்ளைகள் தம் உடம்பால் கற்பித்தார்கள்.

அளந்து பார்த்தவர்களுக்கும் ஏமாற்றமே கிடைத்தது. 1960களிலும் 70களிலும் 24 மணிநேரச் சிறுநீரைச் சேர்த்து ஈஸ்திரியோல் அளந்து, சிசு நலமா என்று கணிப்பது பெரிய வைத்தியசாலைகளில் வழக்கமாக இருந்தது. முறையான ஆய்வில் அந்தச் சோதனை சிசு மரணங்களைக் குறைக்கவில்லை என்று தெரிந்தபோது மெல்ல வழக்கொழிந்தது. டவுன் நோய்க்கூட்டத்துக்கான குருதிச் சோதனையில் துணை அளவையாக மட்டும் ஈஸ்திரியோல் பின்னர் திரும்பி வந்தது.

நொதியம் இல்லாத கர்ப்பங்கள்

இரண்டாவது விடைக்கு வலுத் தந்தது அரிதான ஒரு குடும்ப வரலாறு. 1991இல் ஜப்பானில் சோசூ குழுவினர், சூல்வித்தகத்தில் அரோமற்றேஸ் ஏறக்குறைய முற்றாகவே இல்லாத ஒரு கர்ப்பத்தை விவரித்தார்கள். கர்ப்பம் வளர வளரத் தாய்க்கு ஆண்தன்மை கூடியது. பிறந்த பெண் குழந்தையின் வெளியுறுப்புகளும் ஆண்சாயல் கொண்டிருந்தன. இத்தகைய தாய்மாரிடம் முகப்பரு, முக முடி, குரல் தடிப்பு என்பவை தோன்றி, பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தணிகின்றன. ஆனால் கர்ப்பம் குலையவில்லை, நிறைமாதம்வரை சென்றது.

1995இல் மொரிஷிமா குழுவினர் எழுதிய, அரோமற்றேஸ் குறைபாடுள்ள உடன்பிறப்புகளின் கதையும் இதையே சொன்னது. அந்தத் தாயும் கர்ப்பங்களில் ஆண்தன்மை அடைந்திருந்தாள். வளர்ந்த மகனுக்கு 24 வயதில் உயரம் 204 சென்ரிமீற்றர். எலும்பு முனைகள் மூடாமல் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தன. ஆணின் எலும்பு வளர்ச்சியை நிறுத்துவதும் ஈஸ்திரஜனே என்பதை உலகம் அப்போதுதான் உறுதியாக அறிந்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு சான்று உண்டு. பிறவி அதிரீனல் மிகைவளர்ச்சி உள்ள பெண் சிசு, தன் உடலிலேயே அளவுக்கு மிஞ்சிய அந்திரஜனை ஆக்குகிறது. அதனால் அதன் உறுப்புகள் மாறுகின்றன. ஆனால் தாய்க்கு எந்த மாற்றமும் இல்லை. அவ்வளவு அந்திரஜனும் சூல்வித்தகத்தைக் கடக்கும்போது ஈஸ்திரஜனாகிவிடுகிறது. தாயின் சூலகத்தில் அந்திரஜன் சுரக்கும் கட்டி வரும் சில கர்ப்பங்களில், தாய்க்கு மீசை அரும்பியும் பெண் குழந்தை பழுதின்றிப் பிறப்பதுண்டு. வேலி இரு பக்கமும் காக்கிறது.

அந்த வேலிக்கும் ஒரு துணை வேண்டும். அரோமற்றேஸுக்கு இலத்திரன் ஊட்டும் கூட்டுப் புரதம் பழுதுபட்டால், அரோமற்றேஸ் நல்லதாக இருந்தும் பயனில்லை. அந்தக் கூட்டுப் புரதத்தின் குறைபாடு 2004இல் விளக்கப்பட்டது. அத்தகைய சிசுவைச் சுமக்கும் தாய்மார் சிலருக்கும் அதே ஆண்தன்மை தோன்றுகிறது.

விலங்குலகில் இதற்கு ஓர் உதாரணம் புள்ளிக் கழுதைப்புலி. அதன் பெண்களின் வெளியுறுப்பு ஆணுறுப்பைப் போலவே இருக்கும். அதன் சூல்வித்தகத்தில் அரோமற்றேஸ் மிகக் குறைவு என்றும், தாயின் சூலகம் அனுப்பும் அந்திரஜனைச் சூல்வித்தகம் தெஸ்தொஸ்தெரோனாக்கிச் சிசுவுக்குக் கொடுக்கிறது என்றும் 1993இல் சயன்ஸ் இதழில் யல்சின்காயா குழுவினர் காட்டினார்கள்.

இவற்றோடு 1969இல் நியூசிலாந்தின் பிரான்ஸும் லிகின்ஸும் எழுதிய சல்பற்றேஸ் குறைபாட்டையும் சேர்க்கவேண்டும். அங்கே பூட்டுத் திறபடுவதே இல்லை. ஆகவே தாயின் ஈஸ்திரியோல் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. பிரசவ வலி சிலருக்குத் தாமதமாகிறது. ஆனால் கர்ப்பம் நிலைக்கிறது, ஆண் குழந்தை பிறந்து, தோல் செதிலோடு வளர்கிறது. மூலப்பொருள் பூட்டோடே இருப்பதால் இங்கே தாய்க்கு ஆண்தன்மையும் வருவதில்லை. ஈஸ்திரஜன் குறைந்த இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆண்தன்மை என்ற தீங்கு. அந்தத் தீங்கு அகற்றப்படாத அந்திரஜனால் வந்தது.

ஆக்கும் வேலையும் வீணல்ல

இத்துடன் வழக்கை முடித்துவிடக்கூடாது. அந்தக் கர்ப்பங்களில் ஈஸ்திரஜன் மிகக் குறைந்திருந்ததே தவிர, சூனியமாக இருக்கவில்லை. ஈஸ்திரஜனை உணரும் வாங்கிகள் சிறு துளிக்கும் பதில் சொல்பவை.

எலியிலும் சுண்டெலியிலும் இதைச் சோதிக்கமுடியாது. அவற்றின் சூல்வித்தகத்தில் அரோமற்றேஸ் இல்லை. அங்கே சூல்வித்தகம் அந்திரஜனைத் தர, சூலகம் ஈஸ்திரஜனாக்குகிறது. ஆகவே பபூன் குரங்குகளை நாடினார்கள். அமெரிக்காவின் அல்பிரெக்ற்றும் பெப்பேயும் கர்ப்பிணிப் பபூன்களுக்கு அரோமற்றேஸைத் தடுக்கும் மருந்து கொடுத்தார்கள். பெண் சிசுக்களின் சூலகத்தில் முட்டைப் புடைப்புகள் கணிசமாகக் குறைந்திருந்தன. ஈஸ்திரடயோலைச் சேர்த்துக் கொடுத்தபோது குறை நீங்கியது. அப்படிப் பிறந்த குட்டிகளிடம் பின்னாளில் இன்சுலினுக்கு உடல் சரியாகப் பதிலளிக்காத நிலையும் காணப்பட்டது. மறுபுறம், கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ஈஸ்திரஜனைச் செயற்கையாக உயர்த்தியபோது, கருப்பைக் குருதிக்குழாய்களைச் சூல்வித்தகம் விரித்தமைக்கும் வேலை தடைப்பட்டது. முதலில் குறைவாகவும் பின்னர் மிகுதியாகவும் இருக்கவேண்டும் என்ற ஒழுங்கே முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது.

மகப்பேற்று விடுதிகளில் எல்லாரும் அஞ்சும் கர்ப்பகாலக் குருதியமுக்க நோயான பிறீ எக்லம்சியாவுக்கும் இங்கே ஒரு தொடர்பு பேசப்படுகிறது. ஈஸ்திரடயோலிலிருந்து பிறக்கும் ஒரு வழிப்பொருள் கடுமையான பிறீ எக்லம்சியா உள்ள தாய்மாரிடம் குறைந்திருப்பதை 2008இல் நேச்சர் இதழில் கனசாகி, கல்லுரி ஆகியோரின் குழு எழுதியது. அத்தாய்மாரின் சூல்வித்தகத்தில் அரோமற்றேஸே குறைந்திருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. குருதியோட்டம் குறைந்து ஒட்சிசன் போதாததால் நொதியம் மங்கியதா, நொதியம் மங்கியதால் நோய் கூடியதா என்ற கேள்வியில் விவாதம் நிற்கிறது.

இன்னொன்றையும் இங்கே வைக்கவேண்டும். ஈஸ்திரஜன் தாயின் ஈரலைத் தூண்டி, பாலியல் ஓமோன்களைப் பிணைக்கும் ஒரு புரதத்தைப் பல மடங்கு பெருக்குகிறது. அந்தப் புரதம் தாயின் குருதியிலுள்ள தெஸ்தொஸ்தெரோனைக் கட்டிவைக்கிறது. அதாவது நொதியம் அகற்றியது போக எஞ்சும் அந்திரஜனை, நொதியம் ஆக்கிய பொருளே அடக்குகிறது. ஆக்கவா, அகற்றவா என்று நாம் இரண்டாகப் பிரித்தது இரசாயனத்தில் ஒரே செயல். ஒரு மூலக்கூறு ஈஸ்திரஜன் பிறக்கும்போது ஒரு மூலக்கூறு அந்திரஜன் இல்லாமற்போகிறது. சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கையில் என் முடிவு இது: தவறினால் உடனே தாயையும் மகளையும் தாக்குவது அகற்றும் வேலை, தவறினால் காலம் கடந்து, பிள்ளையின் பிற்கால உடலில் தெரிவது ஆக்கும் வேலை.

கொடியிலிருந்து மருந்துக்கு

சூல்வித்தகத்தைப் படித்ததால் வந்த நன்மை கர்ப்பத்தோடு நிற்கவில்லை. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்திரஜனை உண்டு வளர்பவை. அரோமற்றேஸைத் தடுத்தால் அவற்றின் தீனி நிற்கும். ஹரி பிறோடி, அஞ்செலா பிறோடி தம்பதியினர் 1973இல் அத்தகைய தடுப்பிகளை முதலில் சோதித்தது மனித சூல்வித்தகத்தின் நொதியத்தில்தான். அதிலிருந்து போர்மெஸ்தேன் பிறந்தது; 1990களில் அனஸ்ரசோல், லெட்ரசோல், எக்செமெஸ்தேன் வந்தன. மாதவிடாய் நின்றபின் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்கு இவை இன்று அன்றாட மருந்துகள். அச்சுவேலிக்கு மேற்கே தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பஸ் ஏறும் தாய்மாருக்கு இந்தப் பெயர்கள் புதியவையல்ல.

நொதியத்தின் உருவத்தைப் பார்க்க 2009வரை காத்திருக்கவேண்டியிருந்தது. நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோவில் தேபாசிஷ் கோஷும் சகாக்களும் நிறைமாதச் சூல்வித்தகத்திலிருந்தே அரோமற்றேஸைத் தூய்மையாக்கிப் பளிங்காக்கி, 2.9 அங்ஸ்ரொம் நுணுக்கத்தில் அதன் அமைப்பை நேச்சரில் வெளியிட்டார்கள். அந்திரஜன் அமரும் குழி, அந்திரஜனுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இறுக்கமாக இருந்தது. மற்ற ஸ்திரொயிட்டுகள் ஏன் அங்கே நுழைவதில்லை என்பது அப்போது கண்ணுக்குத் தெரிந்தது.

லெட்ரசோலுக்குத் தெற்காசியாவில் இன்னொரு கதையும் உண்டு. சூலகத்தில் ஈஸ்திரஜனைச் சற்றுக் குறைத்தால் மூளை முட்டை விளைவிக்கும் கட்டளையைக் கூட்டி அனுப்பும். ஆகவே பல்சிறைப்பைச் சூலக நோய் உள்ளவர்களுக்குக் கருத்தரிக்க உதவியாக அது கொடுக்கப்பட்டது. இந்திய அரசு 2011இல் அந்தப் பயன்பாட்டைத் தடைசெய்தது. 2014இல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்த ஆய்வில், லெட்ரசோல் பெற்றவர்களில் 27.5 சதவீதமும் பழைய மருந்தான குளோமிபீன் பெற்றவர்களில் 19.1 சதவீதமும் உயிருள்ள குழந்தை பெற்றார்கள். 2017இல் இந்தியத் தடை நீங்கியது. கம்பஹா மாவட்டத்தில் நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வொன்று இனப்பெருக்க வயதுப் பெண்களில் 6.3 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதாகக் கணித்தது. ஆகவே இது நம் வீட்டுப் பெண்களின் விஷயமும்கூட.

செம்மண் தோட்டத்துக்கு ஒரு செய்தி

1986இல் பார்பியெரி, கொக்பேர்க் என்போரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியவர், 1959இல் இந்த நொதியத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த அதே கெனத் ரையன். நிக்கொட்டினும் அதன் வழிப்பொருளான கொட்டினினும் மனித சூல்வித்தகத்தின் அரோமற்றேஸைத் தடுக்கின்றன என்பது அவர்கள் கண்டது. புகைபிடிக்கும் கர்ப்பிணிகளின் குருதியில் ஈஸ்திரஜன் குறைந்திருப்பதற்கு அது ஒரு விளக்கமாயிற்று.

இதை நான் அச்சுவேலியில் இருந்து வாசிக்கையில் கண்முன் வருவது புகையிலைத் தோட்டம். இறைத்த ஈரம் காயாத வாய்க்கால் வரம்பில், முழங்கால் உயர இலைகளுக்குள் பெண்கள் குனிந்து நிற்பார்கள். பக்கமுளை முறிக்கும்போது கையில் பிசின் ஒட்டும். வெயில் ஏற அது கறுத்துத் தடிக்கும். சவர்க்காரம் போட்டாலும் லேசில் போகாது. அந்தக் கையால் சோறு தின்றால் நாக்கில் கைக்கும். ஈரமான புகையிலை இலையிலிருந்து நிக்கொட்டின் தோல்வழியே உடலுக்குள் போகும் என்பது நன்கு அறியப்பட்ட உண்மை. வெற்றிலையோடு புகையிலை போடும் வாய்க்குள்ளும் அதே பொருள் இறங்குகிறது. புகைத்தால்தான் கேடு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நொதியத்துக்கு நிக்கொட்டின் வந்த வழி தெரியாது.

தெளிக்கும் மருந்துகளிலும் கவனம் வேண்டும். அசோல் வகைப் பங்கசுநாசினிகள் பங்கசின் உடலிலுள்ள, அரோமற்றேஸுக்கு உறவான ஒரு நொதியத்தின் இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. லெட்ரசோலும் அதே வகைப் பிடியால்தான் அரோமற்றேஸை நிறுத்துகிறது. புரொக்குளோராஸ் போன்ற சில பங்கசுநாசினிகள் ஆய்வுகூடத்தில் மனித அரோமற்றேஸைத் தடுக்கின்றன. அதனால் அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் ஓமோன்களைக் குழப்பும் இரசாயனங்களைத் தேடும் முதற்கட்டச் சோதனைகளில் இந்த நொதியத்தையும் சேர்த்திருக்கிறது. சோதனைக்குழாயில் நடப்பதெல்லாம் வயிற்றுக்குள்ளும் நடக்கும் என்று அஞ்சவேண்டியதில்லை. ஆனால் கர்ப்பிணியைத் தெளிகுழாயிலிருந்தும் பச்சைப் புகையிலையிலிருந்தும் விலக்கிவைக்க ஒரு குடும்பத்துக்குப் பெரிய செலவில்லை.

இன்று இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையில் நடக்கின்றன. கொடியை யாரும் முட்டியில் இட்டு வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. பிரசவ அறையில் தாதி அதைத் தட்டில் விரித்து, துண்டு எதுவும் உள்ளே தங்கவில்லையே என்று ஒவ்வொரு மடலாகப் பார்த்துவிட்டு அகற்றுகிறாள். அவள் கைக்கு அது வரும்போது அதன் வேலை முடிந்துவிட்டது. ஒன்பது மாதமாகத் தாயின் முகத்தையும் மகளின் உடலையும் அது காத்துவிட்டது. நாம் செய்யக்கூடியது அந்த ஒன்பது மாதத்துக்குள்தான். குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பவதியின் வீட்டுப் படலையைத் திறந்து வரும்போது இரத்தத்தையும் எடையையும் கேட்கிறார். புகையிலைத் தோட்டத்துக்குப் போகிறீர்களா, வெற்றிலையோடு புகையிலை போடுகிறீர்களா என்ற இரண்டு கேள்விகளும் சேரட்டும். அம்மம்மா சொன்ன நஞ்சை வாங்கும் கொடிக்கு, நம் கையால் இன்னொரு நஞ்சு கொடுக்காதிருப்போம்.